மோரும் தேனும்

இங்கிலீஷில் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு எழுதச் சொன்னால் நம் குழந்தைகள் ஏன் தடுமாறுகிறார்கள், தெரியுமா? காரணம் நம் தமிழில்தான் இருக்கிறது. "ராமுவைவிட சோமு உயரம்" என்கிறோம். "விட" ஒன்றே எல்லா வேலையையும் பார்த்துவிடுகிறது. "உயரம்" அப்படியே நிற்கிறது. இங்கிலீஷில் "தேன்" மட்டும் போதாது. "டால்" என்பது "டாலர்" ஆக வேண்டும் (நம் காதுக்கு அமெரிக்கப் பணம் மாதிரி கேட்டாலும்!). குழந்தையோ, "சோமு இஸ் டால் தேன் ராமு" என்று எழுதிக்கொண்டு வந்து நிற்கும்.

திருத்தினால் மறுநாள் "மோர் டாலர்" என்று வரும். "வாலில் 'அர்' ஒட்டியாச்சுன்னா, முன்னாடி மோர் ஊத்தக்கூடாதுடி!" என்று என் மகளிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டாள். "ப்யூட்டிஃபுல்" போன்ற நீளச் சொற்களுக்குத்தான் மோர். "சீனியர்", "ஜூனியர்" இரண்டுக்கும் தேனும் ஆகாது, "டு"தான். அவை லத்தீன் வீட்டுப் பிள்ளைகள்; வழக்கம் வேறு.

இதெல்லாம் மார்க்கோடு போகிற விஷயம். அர்த்தம் குழம்பினால்தான் வம்பு. "மை ஹேர் இஸ் லாங்கர் தேன் மை சிஸ்டர்" என்றால், கூந்தல் அக்காவையே விட நீளம் என்றாகிவிடும்! "சிஸ்டர்ஸ்" என்று கடைசியில் ஒரு "ஸ்" வேண்டும். "ஐ லைக் சீதா மோர் தேன் கீதா" என்றால், கீதாவைப் பிடிப்பதைவிடவா, கீதாவுக்குப் பிடிப்பதைவிடவா? இரண்டாவதுதான் என்றால் "டஸ்" என்று முடித்துவிட்டால் சந்தேகமில்லை.

மருந்து பாட்டிலில் இதே "மோர் தேன்" வரும்போது நாம் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். குழந்தையின் பாராசிட்டமால் மருந்தில் "டு நாட் கிவ் மோர் தேன் ஃபோர் டோசஸ் இன் 24 அவர்ஸ்" என்றிருந்தால், நான்கு வேளையும் கொடுத்தே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. நான்குக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். காய்ச்சல் இறங்கி, குழந்தை சமர்த்தாக விளையாடினால் இரண்டோடு நிறுத்தலாம். 24 மணி என்பது காலையிலிருந்து இரவு வரை அல்ல. நடுராத்திரி கொடுத்ததும் கணக்கில் சேரும். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். ஆகவே இரண்டு பாட்டில்களையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதை டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.