உப்புக்கு நெல், நெல்லுக்கு மீன்

சென்னை மந்தைவெளித் தெருவில் பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா கூடையை இறக்கியதும் பேரம் தொடங்கிவிடும். புடவையை வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பார். கிழிசல் இருந்தால் தள்ளிவைப்பார். ஜரிகை இருந்தால் முகம் மலரும். “இன்னும் ரெண்டு பேன்ட் குடுங்கக்கா, மூடி போட்ட தூக்கே தரேன்.” காசு கைமாறுவதில்லை. ஆனால் அந்தத் தூக்கு கடையில் என்ன விலை என்பது இருவருக்கும் தெரியும்.

பணமே புழங்காத காலத்தில் எப்படி? மீனவருக்கு உப்பு வேண்டும், உப்புக்காரருக்கு மீன் வேண்டாம். இந்தச் சிக்கலைத் தீர்க்கவே பணம் பிறந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதிய விளக்கத்தின் வழி வந்தது அது. ஆனால் வெறும் பண்டமாற்றிலேயே ஓடிய பொருளாதாரம் ஒன்றுகூடப் பதிவாகவில்லை என்று மானுடவியலாளர் கேரோலைன் ஹம்ஃப்ரி 1985-ல் எழுதினார்.

சங்கப் பாடல்களைப் படித்தால் அவர் சொன்னது சரியென்றே படுகிறது. உமணர்கள் என்ற உப்பு வணிகர்கள் மாட்டுவண்டியில் உப்பேற்றிப் போய் நெல் வாங்கினார்கள். மீனுக்கும் நெல், மோருக்கும் நெல். எதை விற்றாலும் பெரும்பாலும் மறுகையில் நெல்தான். எல்லோரும் உண்பது, நாழியால் அளக்கலாம், அடுத்த அறுவடைவரை கெடாது. அன்றைய பணம் நெல்லேதான் என்பேன். பின்னாளில் சோழர் கோயில்களிலும் கூலியை நெல்லாக அளந்தார்கள். கையில் நெல் இல்லாதவருக்கும் வழி இருந்தது: அக்கம்பக்கத்தில் அளந்து வாங்கி, அதே அளவு திருப்பிக் கொடுப்பது. குறியெதிர்ப்பை என்று வள்ளுவரும் குறிப்பிடும் கைம்மாற்று இது.

சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள், அதாவது இடையர் பெண், எனக்கு மிகவும் பிடித்தவள். நெய்க்கு விலையாகப் பொன்னை அவள் வாங்க மாட்டாள். எருமையும் பசுவும்தான் வேண்டும் என்பாள். பொன் ஊருக்குள் வந்துவிட்ட பிறகும், கன்று ஈன்று பெருகும் செல்வமே அவளுக்குப் பெரிது.

முன்பின் தெரியாத வணிகரிடம் கைம்மாற்றும் செல்லாது, நெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தூரதேசம் போகவும் முடியாது. அங்கேதான் வெள்ளி நுழைந்தது. மந்தைவெளிக்குப் பக்கத்து மாம்பலத்தில் நூற்றுக்கணக்கான முத்திரைக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. வெள்ளித் தகட்டை வெட்டி, எடை சரியாகும்வரை ஓரத்தை நறுக்கி, சூரியன், விலங்கு போன்ற சின்னங்களை ஒவ்வொன்றாக அடித்த காசுகள். ஒன்றின் எடை சுமார் 3.4 கிராம். கைமாறும்போது வணிகர்கள் சோதித்துத் தங்கள் குறியையும் பொறித்தார்கள். அந்தப் புதையலில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் வெள்ளிக் காசு ஒன்றும் இருந்தது. முகம் யாருடையதானாலும், தராசில் அதுவும் வெள்ளிதான்.