2 நிமிஷத்துல மூச்சு வாங்குதா? ஓட்டத்தை விடாதீங்க, வேகத்தைக் குறைங்க!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. புதுசா ஓட நினைப்பவர்களுக்கு வசதியான இடம். ஆனால் டூப்ளே சிலையில் கிளம்பும் பலர், காந்தி சிலை வருவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். 'நமக்கு இது செட் ஆகாது' என்று மறுநாள் வருவதே இல்லை.

ஏன் மூச்சு வாங்குகிறது?
தசைகள் கேட்கும் ஆக்சிஜன் போய்ச் சேராத வேகத்தில் ஓடுவதுதான் காரணம். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால், அதுதான் சரியான வேகம்.

எப்படித் தொடங்குவது?
1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 முறை. வாரத்துக்கு 3 நாள், இடையில் ஓய்வு. பழகப் பழக ஓடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. நடுவில் நடப்பது தோல்வி இல்லை. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் காலோவே பிரபலமாக்கிய முறையே இதுதான்.

அவசரம் ஏன் கூடாது?
மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் தசைநாண், எலும்பு உறுதியாக மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் தூரத்தைக் கூட்டினால் முழங்கால் வலிதான் மிச்சம்.

எதைக் கவனிக்கணும்?
கடலோர ஈரக்காற்றில் வியர்வை சீக்கிரம் காயாது, உடல் சூடும் தணியாது. அதனால் வெயில் ஏறுவதற்குள் முடிச்சிடுங்க. சர்க்கரை, பிபி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்க. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானில் 10 கி.மீ. பிரிவும் உண்டு. முதல் இலக்கா அதையே வெச்சுக்கலாம்!