கத்திக்கு முந்திய மருந்து

ஒஸ்லோவில் இடுப்பு மூட்டு மாற்றி வீடு திரும்பிய அம்மா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். "அகதியெண்டபடியால் ஒரு அன்ரிபயோட்டிக் குளிசைகூடத் தந்துவிடேல்லை" என்று குறைப்பட்டா. மகள் தாதிப் பயிற்சியின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அவளும் ஐந்து நாளாவது கொடுத்திருக்கலாம் என்றாள். இது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த கணக்கு. நானும் அதை நம்பியிருந்தவன்தான்.

மயக்கமுன்னம் நாளத்தில் ஏதோ ஏற்றியதாக அம்மாவே பிறகு சொன்னா. மருந்து அதுவாகத்தான் இருக்கவேண்டும். 1961இல் ஜோன் பேர்க் கினிப்பன்றிகளில் காட்டியது இதுதான்: கிருமி புகும் வேளையில் மருந்து இழையத்தில் இருந்தாக வேண்டும், மூன்று மணி நேரம் பிந்தினால் பயனில்லை. எனவேதான் வெட்டுவதற்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுகிறார்கள்.

காயத்தை மூடிய பின்னர்? 1987இல் தொடங்கிய நோர்வே மூட்டுமாற்றுப் பதிவேட்டின் 22,170 இடுப்பு மூட்டுகளை ஆராய்ந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரை, சத்திரசிகிச்சை நாளிலேயே நான்கு தடவை கொடுப்பதை ஆதரித்தது. உலக சுகாதார நிறுவனமோ 2016இல், சத்திரசிகிச்சை முடிந்தபின் தொடரவே வேண்டாம் என்றது. நாட்கணக்கில் நீட்டினால் மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமி.

மகளுக்கு மருந்தின் பெயரும் அளவும் மனப்பாடம். ஏன் அந்த நேரம் என்று மட்டும் அவளிடம் எவரும் கேட்டதில்லையாம்.