லினக்ஸ் கணினியில் திரை கறுத்தால்: ஃபார்மேட் செய்யும் முன் பார்க்க வேண்டியவை



ஷஅபான் மாதத்தில் ஒரு காலை, மதரஸா அலுவலகக் கணினியைப் போட்டால் திரை கறுப்பாக நின்றது. முந்தைய இரவு உபுண்டு அப்டேட் ஆகியிருந்தது. உள்ளே ஓராண்டுச் சந்தாக் கணக்கும் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களும் இருந்தன. பார்க்க வந்த தம்பி, "ஃபார்மேட் பண்ணிட்டு விண்டோஸ் போட்டுடலாம் ஹஜ்ரத்" என்றார். விசாரித்தால், அது உரிமம் வாங்காத நகல். பிறர் உழைப்பை அனுமதியின்றி எடுக்கக் கூடாது என்றுதான் லினக்ஸுக்கே மாறியிருந்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அஸருக்குள் திரை வந்தது. ஒரு கோப்பும் போகவில்லை.

கோப்புகள் இருப்பது ஹார்டு டிஸ்கில். படத்தைத் திரைக்கு அனுப்புவது கிராபிக்ஸ் கார்டு. அதை இயக்கும் மென்பொருள் டிரைவர். டிரைவர் கெட்டால் படம்தான் போகும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்.

1. கீபோர்டில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் திரைப் பக்கம்தான்.

2. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். துடைத்துச் சுத்தம் செய்த பிறகு மதர்போர்டில் மாற்றிச் செருகிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

3. கணினியைத் திரும்பப் போட்டு, உடனே எஸ்கேப் விசையை அழுத்துங்கள். பழைய கணினிகளில் ஷிஃப்ட் விசையைப் பிடித்திருக்க வேண்டும். கிரப் பட்டியல் வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட்டுக்குப் பின் வந்த கோளாறு பல நேரம் இதிலேயே தீரும். எங்களுக்கும் இப்படித்தான் திரை வந்தது.

4. அதுவும் பலிக்காவிட்டால், கிரப் பட்டியலில் உபுண்டு வரி மீது நின்று ஆங்கில 'இ' விசையை அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களை ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதி எஃப்10 அழுத்துங்கள். எளிய முறையில் திரை வரும். இது அந்த ஒரு முறைக்கு மட்டுமே.

திரை வந்ததும் முதல் வேலை, கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுப்பது. பிறகு டிரைவரைப் பாருங்கள்.

இன்டெல், ஏஎம்டி கார்டுகளின் டிரைவர் கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. என்விடியா நிறுவனத்தின் டிரைவரோ தனி. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அது பொருந்தியாக வேண்டும். பொருந்தாதபோது திரை கறுக்கிறது. 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் உங்கள் கார்டுக்குரியதைத் தேர்ந்தெடுக்கலாம். எங்களிடம் இருந்தது ஜிடி 710. அதற்கான கடைசி டிரைவர் வரிசை 470. நாங்கள் லினக்ஸோடு வரும் நூவோ டிரைவருக்கே மாறிக்கொண்டோம். கணக்கு எழுதவும் வினாத்தாள் அச்சிடவும் அது போதும்.

செக்யூர் பூட் உள்ள கணினியில் என்விடியா டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். மறு தொடக்கத்தில் நீலத் திரை சில நொடிகளே நிற்கும். அதில் 'என்ரோல் மோக்' தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

எதுவுமே பலிக்காவிட்டாலும், உபுண்டு பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, நிறுவாமல் 'ட்ரை உபுண்டு' வழியாகச் சென்று கோப்புகளை எடுத்துவிடலாம். அதன் பிறகு ஃபார்மேட் பற்றி யோசிக்கலாம்.

சந்தாக் கணக்கு நம்மிடம் உள்ள அமானிதம். அதற்கு வாரம் ஒரு நகல் எடுத்து வைப்பது நம் பொறுப்பு. அதைப் பேண அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.