அரியரும் ஆண்ட்ராய்டும்!

கந்தர்வக்கோட்டை டு காலேஜ்... கையில செல், தலையில சிலபஸ்!

காலை ஏழரை மணிக்கு கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க. தஞ்சாவூர் பக்கம் போற கூட்டம் ஒண்ணு, புதுக்கோட்டை பக்கம் போற கூட்டம் ஒண்ணு. ரெண்டு ஊருக்கும் ஏறக்குறைய நடுவுல இருக்கிறதால, எங்க ஊர் ஸ்டூடன்ட்ஸுக்கு ரெண்டு திசையும் சொந்தம். தோள்ல பேக், கழுத்துல ஐ.டி. கார்டு, எல்லார் தலையும் ஒரே ஆங்கிள்ல குனிஞ்சிருக்கும். சாமி கும்பிடறாங்கன்னு நினைச்சிடாதீங்க... செல்போன்!

'எப்பப் பாரு அதையே நோண்டுதுங்க'னு டீக்கடை பெஞ்சுல இருந்து ஒரு குரல் கண்டிப்பா வரும். அதுல பாதி உண்மை. மீதிப் பாதி என்ன தெரியுமா? அந்தக் கூட்டத்துல ஒருத்தன் ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருப்பான். பக்கத்துல நிக்கிற பொண்ணு, இன்னிக்கு இன்டர்னலுக்கு வரப்போற மேட்ரிக்ஸ் கணக்கை யூடியூப்ல தமிழ்ல கேட்டுக்கிட்டு இருக்கும். தூரத்துல இருந்து பார்க்கிறவங்களுக்கு ரெண்டும் ஒரே போஸ்தான்!

வெச்சிருந்தா தப்பு... இல்லேன்னா தப்பு!

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2003-ல இன்கமிங் கால் ஃப்ரீ ஆச்சு. அதே வருஷம் டார்ச் லைட்டோட நோக்கியா 1100 வந்துச்சு. அதுக்கப்புறம்தான் செல்போன் பணக்காரங்க பாக்கெட்ல இருந்து நம்மாளுங்க பாக்கெட்டுக்கு இறங்கிச்சு. காலேஜுக்குள்ளயும் நுழைஞ்சுது. உடனே வந்தது தடை. 2005-ல அண்ணா பல்கலைக்கழகம் தன்னோட இணைப்புக் கல்லூரிகளுக்கு உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தப்ப, கேம்பஸ்ல செல்போனுக்கும் சேர்த்தே 'நோ' சொல்லிச்சு.

அப்படியே 15 வருஷம் தள்ளி வாங்க. 2020 செப்டம்பர். கொரோனா. அதே அண்ணா பல்கலைக்கழகம் ஃபைனல் இயர் மாணவர்களுக்கு ஆன்லைன்ல எக்ஸாம் வெச்சுது. ஒரு மணி நேரம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கணும். என்ன வேணும்? கேமரா உள்ள லேப்டாப் அல்லது... செல்போன்! உள்ளே கொண்டு வராதேன்னு சொன்ன பொருளே பரீட்சை ஹாலா மாறின கதை இதுதான்.

அடுத்த செமஸ்டர் பரீட்சை 2021 பிப்ரவரியில இன்னும் ஒரு படி மேல போச்சு. கேமரா வழியா கம்ப்யூட்டரே சூப்பர்வைசர். தலையைத் திருப்பினாலும் சந்தேகம், பின்னாடி சத்தம் கேட்டாலும் சந்தேகம். ஒரே ரூம்ல மொத்தக் குடும்பமும் இருக்கிற வீட்டுல சத்தம் கேட்காம எப்படி இருக்கும்? ஏராளமானவங்க ரிசல்ட் நிறுத்தி வைக்கப்பட்டுச்சு. பலர் ஃபெயில். கடைசியில அந்த மே மாசம், உயர்கல்வி அமைச்சரா இருந்த பொன்முடி மறுதேர்வு அறிவிச்சார். காப்பி அடிச்சவனுக்கும், நெட்வொர்க் இல்லாதவனுக்கும் வித்தியாசம் தெரியாத சூப்பர்வைசரை நம்பினா இதுதான் கதி.

ஒரு வீடு, ஒரு போன்!

ஆன்லைன் கிளாஸ் நடந்த அந்த நாட்கள்ல, இங்கே நிறைய வீட்டுல இருந்தது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். அது அப்பாகிட்ட இருக்கும். அவர் வேலைக்குப் போனா போனும் போயிடும். அண்ணன் காலேஜ், தங்கச்சி ஸ்கூல்னா முதல் உரிமை யாருக்கு? பெரும்பாலும் அண்ணனுக்குத்தான். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு போனு'ங்கிற வசனம் அந்த ரெண்டு வருஷத்துல எத்தனை பாடத்தைக் காவு வாங்குச்சோ!

அரசாங்கமும் சும்மா இருக்கல. 2021 ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும், சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டான்னு அறிவிச்சாங்க. நல்ல விஷயம்தான். ஆனா டேட்டா கார்டு கொடுத்தா போன் வந்துடுமா, டவர் வந்துடுமா? ஊர்ப்பக்கம் முந்திரிக்காட்டு ஓரத்துல சிக்னல் தேடி, மேட்டுல ஏறி நின்னவங்களைக் கேளுங்க... கதை கதையாச் சொல்வாங்க.

இப்போ பெரும்பாலான காலேஜ் பசங்க கையில போன் இருக்கு. பிரச்னை ரீசார்ஜுக்கு மாறிடுச்சு. மாசப் பிளான்னு நாம சொல்றது பெரும்பாலும் 28 நாள்தான். அதனால வருஷத்துக்கு 12 இல்ல, 13 ரீசார்ஜ்! வீட்டுல மூணு போன்னா 39. 2022-ல டிராய், 30 நாள் பிளானும் கண்டிப்பா இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. இருந்தும் கடையில போய்க் கேட்டா, கை முதல்ல போறது 28 நாள் பிளானுக்குத்தான். 2024 ஜூலையில பெரிய கம்பெனிகள் ஒண்ணா விலையை ஏத்தினப்போ, கூலி வேலைக்குப் போற வீடுகள்ல அது நேரா மளிகைச் சாமான் லிஸ்ட்டுல இடிச்சுது.

முதல் செமஸ்டர் ஷாக்

2021-ல இருந்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்வியில 7.5 சதவிகித இட ஒதுக்கீடு இருக்கு. தமிழ் மீடியத்துல படிச்சு வர்றவங்களுக்குப் பெரிய கதவு இது. ஆனா கதவைத் திறந்து உள்ளே போனா எம்-1, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் இங்கிலீஷ்ல நிக்குது. ப்ளஸ் டூ-ல 'அணிக்கோவை'னு படிச்சது இங்கே 'டிடர்மினன்ட்'. கணக்கு தெரியும், கேள்விதான் புரியாது. முதல் அரியர் விழறது பல பேருக்கு இந்த இடத்துலதான். 2010-லயே அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில ஆரம்பிச்சுது. மத்த பிராஞ்ச் எடுக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இங்கிலீஷோட மல்லுக்கட்டித்தான் ஆகணும்.

இந்த இடத்துல செல்போன் நிஜமாவே தெய்வம். ஐ.ஐ.டி.-க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி-யும் சேர்ந்து நடத்துற என்.பி.டி.இ.எல். வீடியோக்கள் இலவசம். சில பாடங்களுக்குத் தமிழ் எழுத்து வடிவமும் உண்டு. தமிழ்லயே கணக்கு போட்டுக் காட்டற யூடியூப் வாத்தியார்களும் நிறையவே இருக்காங்க. ட்யூஷன் சென்டர் இல்லாத ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சிட்டி ஃப்ரெண்ட்ஸுக்குப் புரியறது கஷ்டம்.

ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. வீடியோவுல அவர் போடறப்ப எல்லாமே புரியும். பரீட்சை ஹால்ல மூணு மணி நேரம் பேனா பிடிச்சு எழுதப்போறது அவர் இல்லையே! 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததுக்கப்புறம் அசைன்மென்ட் அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிடுது. வைவாவுல 'இது என்னப்பா?'னு சார் கேட்டா ஃபேன் காத்துலயும் வேர்க்குது. இன்னொண்ணு, புரோகிராமிங். உள்ளங்கை சைஸ் ஸ்கிரீன்ல கோடிங் வீடியோ பார்க்கலாம். பழகறதுக்கு கீபோர்டு வேணும். லேப்டாப் இல்லாத பசங்களுக்கு காலேஜ் லேபை சாயந்திரம் ரெண்டு மணி நேரம் கூடுதலா திறந்து வெச்சாலே போதும்... பாதி அரியர் காணாமப் போகும்!

சும்மா இருந்தாலே இழுக்கும்!

'நான் போனைத் தொடவே இல்ல, பக்கத்துல வெச்சுக்கிட்டுதான் படிக்கிறேன்'ங்கிற பார்ட்டியா நீங்க? 2017-ல அமெரிக்காவுல ஏட்ரியன் வார்டு குழுவினர் ஏறக்குறைய 800 பேர்கிட்ட ஒரு ஆய்வு செஞ்சாங்க. போன் மேசை மேல இருந்தவங்களைவிட, வேற ரூம்ல வெச்சவங்க மூளைக்கு வேலை தர்ற டெஸ்ட்டுகளை நல்லாப் பண்ணினாங்களாம். பிறகு நடந்த சில ஆய்வுகள்ல இதே ரிசல்ட் வரல. அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேணாம். ஆனா ஒரு வாரம் செஞ்சு பார்க்கிறதுக்குக் காசா, பணமா?

சைக்கிள் சொல்ற பாடம்

எங்க மாவட்டத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1991-ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்துச்சு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சதா பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். அப்பவும் 'பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு'னு கேட்டவங்க இருந்தாங்க. அந்த அக்காக்கள் பதில் சொல்லிக்கிட்டு நிக்கல, பெடலை மிதிச்சுப் போய்க்கிட்டே இருந்தாங்க.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு. அறிவொளி சைக்கிளை மட்டும் காட்டிட்டுப் போயிடல. பிடிச்சு ஓட்டக் கத்துக் கொடுக்க ஆள் இருந்தாங்க. இன்னிக்கு நம்ம கையில போனைக் கொடுத்துட்டாங்க. அதை வெச்சுப் படிக்கிறது எப்படின்னு சொல்லித்தர ஆள்தான் குறைச்சல். அதை சீனியர்ஸ் செய்யலாமே!

பிடிங்க பாஸ் டிப்ஸ்!

* வீடியோவை பாதியில நிறுத்துங்க. மீதிக் கணக்கை நோட்டுல நீங்களே போட்டுட்டு அப்புறம் ப்ளே பண்ணுங்க.

* பஸ்ல கேட்கிறதுக்கு தியரி, வீட்டுல உட்கார்ந்து போடறதுக்கு கணக்கு. மாத்திக்காதீங்க.

* முக்கியமான நோட்ஸ் பேப்பர்லயும் இருக்கட்டும். 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சப்ப, இந்த மாவட்டத்துல பல ஊர்ல வாரக்கணக்குல கரன்ட் இல்ல. சார்ஜ் இல்லாத போன் வெறும் டப்பாதான்.

* சாட்ஜிபிடி-கிட்ட 'ஆன்ஸர் கொடு'னு கேட்காம, 'தமிழ்ல விளக்கு, அப்புறம் என்னைக் கேள்வி கேளு'னு சொல்லிப் பாருங்க. சொன்ன பதிலை புக்கோட ஒரு தடவை சரி பார்த்துக்கோங்க.

* வீட்டுல ஒரே போன்னா டைம்டேபிள் போடுங்க. தங்கச்சி பேருக்கும் அதுல ஒரு மணி நேரம் எழுதுங்க. அவங்களுக்கும் பரீட்சை இருக்கு!