உரிய வேளையில் முகத்துவாரம் திறக்கட்டும்



மேற்கே மட்டக்களப்பு வாவி. கிழக்கே வங்கக் கடல். இவ்விரண்டிற்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம். இதுவே கல்லடி. எழுவான்கரையில் வாழும் நமக்கு உணவளிப்பதும் நீரே. சில இரவுகளில் உறக்கத்தைக் கெடுப்பதும் நீரே.

மாரி காலத்தில் படுவான்கரையின் ஆறுகளும் குளங்களும் பெருகி வாவியை வந்தடையும்போது, வாவியின் மட்டம் உயர்ந்து வயல்களையும் தாழ்நிலக் குடிமனைகளையும் மூடத் தொடங்கும். அவ்வேளையில் எல்லோர் வாயிலும் எழும் கேள்வி ஒன்றே: "முகத்துவாரம் வெட்டியாயிற்றா?" அலைகள் குவித்த மணல்திட்டு வெட்டப்பட்டால் வெள்ளம் கடலுக்கு வடியும். ஆயினும் வயல்காரரின் தேவையும் மீன்பிடிப்போரின் தேவையும் இதில் எப்போதும் ஒன்றாய் அமைவதில்லை. ஆகவே தனியொருவர் மண்வெட்டியோடு சென்று செய்துவிடக்கூடிய காரியம் அன்று இது. அதிகாரம் உடையோர் கூடித் தீர்மானிக்க வேண்டும். அதையும் உரிய வேளையில் தீர்மானிக்க வேண்டும். வேளாண்மை அழுகிய பின்னர் வெட்டப்படும் முகத்துவாரத்தால் யாருக்கு என்ன பயன்?

இன்று உலகம் முழுவதும் இத்தகையதொரு முகத்துவாரத்தின் முன்னே நிற்கின்றது.

உயர்ந்துவரும் நீர்

நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதால் வெளியேறும் காபனீரொட்சைட்டு வாயு, பூமியின் வெப்பம் வெளியேறாவண்ணம் போர்வைபோல் தடுக்கின்றது. வெப்பத்தால் கடல்நீர் விரிவடைகின்றது. பனிப்பாறைகள் உருகிக் கடலிற் கலக்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகின் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளதாக அறிவியலாளர் கணித்துள்ளனர். தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட 1.5 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் உயர்ந்த முதல் ஆண்டாக 2024 பதிவாகியுள்ளது.

புயலும் வெள்ளமும் நமக்குப் புதியவை அல்ல. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நம் முதியோர் இன்றும் மறக்கவில்லை. 2011 ஜனவரியில் பெருமழை நம் மாவட்டத்தையே நீரில் ஆழ்த்தியது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. இவை ஒவ்வொன்றும் காலநிலை மாற்றத்தினாலேயே நேர்ந்தன என்று கூறுவது சரியாகாது. ஆனால் வெப்பமடைந்த கடல் புயலுக்கு வலுவூட்டுகின்றது. வெப்பமடைந்த காற்று அதிக நீராவியைச் சுமந்து அதிக மழையைப் பொழிகின்றது. 2004 டிசம்பர் 26இல் கல்லடியையும் நாவலடியையும் வாரிச்சென்ற ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் விளைந்தது. அதற்கும் காலநிலைக்கும் தொடர்பில்லை. எனினும் நாம் குடியிருக்கும் மண் கடலுக்கு எவ்வளவு தாழ்ந்து கிடக்கின்றது என்பதை அந்த நாள் நமக்குக் கண்ணீரோடு கற்பித்தது.

செபம் மட்டும் போதாதா?

"நாம் செபிப்போம், அரசியல் நமக்கு எதற்கு?" என்று கேட்கும் நல்லுள்ளங்கள் நம் பங்குகளில் பலர் உண்டு. அவர்களுக்கு விவிலியமே விடை பகர்கின்றது.

தொடக்கநூலின் 41ஆம் அதிகாரத்தில் யோசேப்பு எகிப்திய மன்னன் முன் நிற்கின்றார். மன்னனின் கனவுக்குப் பொருள் கூறியதோடு அவர் நின்றுவிடவில்லை. வளமான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வேண்டும், அதற்கென அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று ஆட்சியாளனிடம் திட்டத்தையே முன்வைக்கின்றார். பஞ்சம் வருமுன்னரே பேசினார். அதனால் மக்கள் பிழைத்தார்கள்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய கைம்பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். அவளிடம் பணமில்லை, செல்வாக்கில்லை. நீதியற்ற நடுவனிடம் மீண்டும் மீண்டும் சென்று கேட்டாள், நீதி பெற்றாள். மனந்தளராது செபிக்கக் கற்பிப்பதற்காகவே இயேசு இவ்வுவமையைச் சொன்னார். ஆனால் அந்தச் செபத்துக்கு அவர் தெரிந்தெடுத்த உருவம், அதிகாரியின் வாசலில் நின்று ஓயாது கேட்கும் ஓர் எளிய பெண்ணின் உருவம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இறைவனிடம் கேட்கும் வாய், ஏழைகளுக்காக ஆட்சியாளரிடமும் கேட்கத் தகும்.

திருச்சபையின் குரல்

1990ஆம் ஆண்டின் உலக அமைதி நாள் செய்தியிலேயே திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், படைப்போடு சமாதானம் கொள்ளாமல் மனிதரிடையே அமைதி நிலைக்காது என்று எச்சரித்தார். 2015 ஜனவரியில் மடுத் திருப்பதியில் நம்மோடு செபித்த திருத்தந்தை பிரான்சிஸ், நம் நாட்டிலிருந்து பிலிப்பைன்சுக்குச் செல்லும் விமானத்திலேயே காலநிலை பற்றிப் பேசினார். முந்திய ஆண்டில் பெரு நாட்டில் நடந்த மாநாட்டில் தலைவர்களிடம் துணிவு குறைந்திருந்தது தமக்கு ஏமாற்றமளித்தது என்றும், பாரிஸில் கூடவிருப்போர் அதைவிடத் துணிவு காட்டுவர் என நம்புவதாகவும் அவர் கூறினார்.

அதே ஆண்டு வெளிவந்த 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், மக்கள் ஆட்சியாளரைக் கண்காணித்து வற்புறுத்தாவிடில் சூழலைப் பாதுகாக்க இயலாது என்று அவர் தெளிவுபடக் கற்பித்தார். அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை பிறந்தது. 2023 அக்டோபர் 4இல் மீண்டும் ஒரு மடல் வரைந்து உலகத் தலைவர்களின் மந்தப்போக்கைக் கண்டித்தார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் விடுத்த அழைப்போ இன்னும் நம்மிடம் பதிலை எதிர்பார்த்து நிற்கின்றது.

கேட்டால் நடக்குமா?

நடந்திருக்கின்றது, அதுவும் நம் கிழக்கிலேயே. திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அவ்வூர் மக்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2016 செப்டம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசு நீதிமன்றத்திற்கு அறிவித்தது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் சூரிய மின்நிலையத்திற்கான பணிகள் தொடக்கி வைக்கப்பட்டன.

உலகை வெப்பமாக்கும் வாயுக்களில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்றைவிட மிகக் குறைவே. அப்படியாயின் நம் தலைவர்களிடம் எதைக் கேட்பது?

முதலாவது, கொடுத்த வாக்கைக் காக்கும்படி கேட்போம். 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவோம் என்றும், புதிய நிலக்கரி மின்நிலையங்களை அமைக்க மாட்டோம் என்றும் இலங்கை உலகின் முன் உறுதியளித்துள்ளது. இரண்டாவது, நம் கரையைக் காக்கும்படி கேட்போம். வாவியோரக் கண்டற்காடுகள் அலையின் வேகத்தைத் தணிப்பவை. மீனும் இறாலும் வளரும் தொட்டில்கள். அவை அழிக்கப்படாமலும், வெள்ளம் வடியும் தாழ்நிலங்கள் நிரப்பப்படாமலும் இருக்கவேண்டும். மூன்றாவது, உலக அரங்கில் துணிவோடு பேசும்படி கேட்போம். காலநிலையால் இழப்புற்ற ஏழை நாடுகளுக்கு உதவும் நிதியம் 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இணங்கப்பட்டது. செல்வந்த நாடுகள் அதனை நிரப்பும்வரை, இழப்புற்றோர் சார்பில் ஓயாது கேட்பது நம் அரசின் கடமை.

இது எந்தக் கட்சிக்கும் ஆதரவோ எதிர்ப்போ அன்று. தேர்தல் காலத்தில் நம் படலையைத் திறந்து வருவோரிடம் வீதியும் வேலையும் கேட்கின்றோம், அதில் தவறில்லை. அவ்வீதி நாளை நீருக்கடியில் இருக்குமோ என்றும் அவர்களிடம் கேட்போமாக.

இல்லங்களில் செய்யக்கூடியது

இவ்வாரம் குடும்பச் செபமாலையின் பின்னர், பிள்ளைகளையும் அமர்த்தி, உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பத்து வரிகள் போதும். மேற்கூறிய மூன்றில் ஒன்றையேனும் கேளுங்கள். பதில் வராவிடில் மறுபடியும் எழுதுங்கள். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபை கொண்டாடும் படைப்பின் காலத்தில், பங்கு மக்கள் ஒன்றுசேர்ந்து கையொப்பமிட்டு மாவட்டச் செயலகத்தில் கையளிக்கவும் கூடும். வீட்டில் வீணாக எரியும் மின்விளக்கை அணைத்துவிட்டு எழுதப்படும் கடிதத்திற்கு வலிமை அதிகம். ஏனெனில் பிறரிடம் கேட்பதை நாமும் செய்கின்றோம்.

செபிப்போம்: கடலுக்கு எல்லை வகுத்த இறைவா, வாவிக்கும் கடலுக்கும் இடையே நீர் எமக்குத் தந்த இச்சிறு நிலத்தை உமது கரத்தில் வைக்கின்றோம். எம்மை ஆள்வோருக்கு யோசேப்பின் முன்னறிவைத் தந்தருளும். எமக்கோ அந்தக் கைம்பெண்ணின் தளரா மனத்தைத் தந்தருளும். காலம் கடந்துபோகுமுன் கேட்கவும், காலம் கடந்துபோகுமுன் செயற்படவும் எங்கள் அனைவரையும் தூண்டியருளும். ஆமென்.