சேற்றுழவும் கிறீஸ் இடும் வேளையும்

இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்துக்கு நீர் விடும் நாள், போகக் கூட்டத்திலே முன்னதாகவே தீர்மானிக்கப்படுகின்றது. சேற்றுழவின் நடுவே உழவு இயந்திரத்தின் பெயாரிங் ஒன்று உடைந்துவிடின், புதியது வாங்கிப் பூட்டும்வரை வாய்க்கால் நீர் காத்திராது. இவ்வாறு உடைவனவற்றுட் பல முதுமையால் தேய்ந்தவையல்ல; சேறும் நீரும் உட்புகுந்து கெட்டவை.

கமக்காரர் பெரும்பாலும் காலையில், வேலை தொடங்குமுன் கிறீஸ் இடுவர். புழுதி விதைப்புக்கான உழவுக்கு அது போதும். சேற்றுழவுக் காலத்திலோ மாலையில் இடுதலே நன்று. நாள் முழுதும் உழைத்துச் சூடேறிய மூட்டு, வேலை முடிந்து குளிரும்போது உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கி, வெளியே நிற்கும் நீரை உள்ளிழுக்கும். இரவு முழுதும் தங்கும் அந்நீரே துருவுக்குக் காரணம். சேற்றைக் கழுவியவுடன் புதிய கிறீஸைச் செலுத்தினால், அது நீரையும் மணலையும் வெளியே தள்ளி, விளிம்பையும் அடைத்து நிற்கும்.

கிறீஸ் நிப்பிளின் நுனியிலே சிறு குண்டொன்று சுருள்வில்லால் தாங்கப்பட்டுள்ளது. பம்பின் அழுத்தம் அதனைத் தள்ளி வழிதிறக்கும்; அழுத்தம் நீங்கினால் மூடிக்கொள்ளும். நுனியைத் துணியால் துடையாது பம்பை மாட்டுபவர், அங்கு ஒட்டிய மணலைத் தம் கையாலேயே உள்ளே செலுத்துகின்றார். கறுத்த பழைய கிறீஸ் வெளியேறிப் புதியதன் நிறம் தோன்றும்வரை அடித்தல் வேண்டும். முன்னச்சு முளைகளுக்கு இடும்போது அச்சை ஜக்கினால் உயர்த்திக்கொள்ளவேண்டும். பாரம் அழுத்தும் பக்கத்திலே கிறீஸ் எளிதிற் செல்லாது. பலரும் விட்டுவிடும் வேலை இதுவே.

கிறீஸ் ஏறாத நிப்பிளைப் பலங்கொண்டு அமுக்குதல் ஆகாது. அதனைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு அசைகின்றதா எனப் பார்க்கவேண்டும், அசையாவிடின் மாற்றிவிடுக. கசியும் இடத்தை விரலாற் பொத்துதலும் தகாது. பம்பின் அழுத்தத்தால் தோலினுள் கிறீஸ் புகுந்தால், காயம் ஊசிமுனையளவாயினும், நோவு இல்லாவிடினும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

தோட்டங்களில் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு இம்முறை பொருந்தாது. விரைந்து சுழலும் குண்டுப் பெயாரிங்கிலே கிறீஸ் நிரம்பினால், அது கடையப்பட்டுச் சூடேறும். கிறீஸ் கோப்பை பூட்டிய பழைய பம்புகளிலே மூடியைச் சிறிது திருகினாற் போதும். முற்றாக அடைக்கப்பட்ட பெயாரிங்குகளுக்கு எதுவும் இடவேண்டியதில்லை.

இருவகைக் கிறீஸைக் கலத்தலும் நன்றன்று. சில வகைகள் தம்முள் சேர்ந்தால் இளகி ஒழுகிவிடும்.

வாடகைக்கு ஓடும் இயந்திரத்தில் இவ்வேலை சாரதியின் பொறுப்பிலேயே விடப்படுகின்றது. களைத்த மனிதருக்கு, இருட்டும் வேளையிலே சேறு மூடிய நிப்பிள் கண்ணிற் படாது. உரிமையாளர் போகம் தொடங்குமுன் நிப்பிள்கள் யாவற்றையும் எண்ணி, ஒவ்வொன்றின் அருகிலும் சிவப்புப் பெயின்றால் வட்டமிட்டு, அவ்வெண்ணைச் சாரதியிடம் கூறி வைத்தல் நலம்.